பிட்டா என்று பெயர் வைத்தது யார்?

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கூடாது. நாற்பத்திரண்டு போன்களும் என் வாசல் அறையில் இருக்கும். மணிக்கொரு தடவை எண்ணாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

போன தீபாவளி சீசனில் ஒரு மத்தியானம், பேக்கிங் பிரிவு லட்சுமி, சுவரில் மோதி விழுந்த குருவி ஒன்றை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தாள்.

"சார், செல்லுல பாருங்க. என்ன கொடுத்தா பொழைக்கும்?"

கண்மூடிக் கிடந்த அதன் உடம்பில் எட்டு நிறங்களை எண்ணினேன். படம் எடுத்துத் தேடினேன்.

"பிட்டா. இங்கிலீஷ் பேரு, ஒனக்குப் புரியாது," என்றேன். பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்தி, ஓய்வுபெற்றபின் இங்கே வாசல் காவலுக்கு வந்தவன் நான்.

அவள் சிரித்தாள். "எங்க வீட்ல தெலுங்கு சார். முத்தத்துக்கு வர்ற சின்னக் குருவியெல்லாம் எங்களுக்குப் பிட்டதான்."

நம்பாமல் மேலும் படித்தேன். அந்தப் பெயர் தெலுங்கிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போயிருந்தது. இங்கே சாத்தூரில் ஒரு வீட்டு முற்றத்தில் புழங்கும் சொல்லைத்தான் உலகமெல்லாம் பறவைப் புத்தகங்களில் அச்சடித்திருக்கிறார்கள்.

"பேரு கெடக்கட்டும் சார், தீனியப் பாருங்க!"

"புழு, பூச்சி," என்று வாசிப்பதற்குள் குருவி கண் திறந்தது. சிறகை ஒருமுறை உதறி, நீலம் பளிச்சிட, வேப்பமரத்துக்கு மேலே பறந்துபோனது. இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம்.

ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிற பெண். வீட்டில் என்ன மொழி பேசுகிறாள் என்று அன்றுவரை நான் கேட்டதே இல்லை.