அடிச்சுரம் முடியும்வரை

எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் மடித்த பேப்பர் இருக்கும். முருகன், காளியம்மன், மாமனார் மாமியார், எங்கள் கல்யாணப் படம், ஒன்று பாக்கியில்லை. பல்லி வராமல் இருக்கவா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கிறுக்கு என்று நினைப்பார்கள். கிறுக்குதான். ஆனால் அதை நான் சொல்லலாம், வெளியாள் சொல்லக்கூடாது.

அவருக்குப் பைப் ஆர்கன் பைத்தியம். பெரிய தேவாலயங்களில் சுவர் உயரத்துக்குக் குழாய்களாக நிற்குமே, அது. ஊதுவது மனித வாய் இல்லை, எந்திரம் அனுப்பும் காற்று. வாசிக்கிறவர் கையாலும் வாசிப்பார், காலாலும் வாசிப்பார். காலால் மிதிக்கிற கட்டைகளுக்குத்தான் மிகப் பெரிய குழாய்கள், அதில்தான் அடிச்சுரங்கள். ஈப்போ ஊரில் குனோங் ராபாட் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் அந்தச் சுரம் வந்தால் சுவரே அதிரும், படங்கள் எல்லாம் கடகடவென்று ஆட ஆரம்பிக்கும். அந்தக் கடகட அவருக்கு ஆகவே ஆகாது. அதனால்தான் பேப்பர்.

ஈப்போ முழுக்க அறையைக் குளிராக்கும் ஏர்கான்களை சர்வீஸ் செய்து பிழைத்தவர் அவர். ஒரு ஞாயிறு, பழைய சாமான் சந்தையில் ஒரு சிடி இசைத்தட்டை வாங்கி வந்தார். அட்டையில் இருந்த குழாய்களைப் பார்த்து ஏதோ கட்டடத்து ஏர்கான் என்று நினைத்தாராம். போட்டுப் பார்த்தவர் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். நான் தெலுக் இந்தான் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். ஆலை பாய்லர் மாதிரி கத்துகிறது, நிறுத்துங்கள் என்றேன். அவர் நிறுத்தவில்லை, சத்தத்தைத்தான் கொஞ்சம் குறைத்தார்.

அப்புறம் என்ன, எனக்கும் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பிடித்தவை சின்னக் குழாய்கள், புல்லாங்குழல் மாதிரி மெல்லிசாக வருபவை. அவருக்கு அடிச்சுரம். இதற்கே எங்களுக்குள் அடிதடி நடக்கும். உங்களுக்குக் காதா இருக்கு, வயிறுதான் இருக்கு என்பேன். ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்வந்து, தோசை சாப்பிட்டு முடித்ததும் கச்சேரி. கடைசி சுரம் ஓய்ந்து, எதிரொலியும் அடங்கும்வரை டம்ளரைக்கூடக் கீழே வைக்கக் கூடாது. எதிரொலியைப் பாதியில் வெட்டிய இசைத்தட்டு மாட்டிவிட்டால் கழுத்தை அறுத்துட்டான் பாவி என்று அதைப் பதிந்தவனை அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருப்பார்.

நூற்றுக்கணக்கில் சேர்த்தாலும் அவருக்கு உயிர் ஒன்றின்மேல்தான். வட ஐரோப்பாவில், பெயர் வாயில் நுழையாத ஒரு ஊரில் பதிந்தது. பாட்டு தொடங்குமுன் உஸ்ஸென்று காற்று நிரம்பும் சத்தம் கேட்கும். அடுத்து கூட்டத்தில் யாரோ ஒருமுறை இருமுவார். இந்தக் காலத்தில் இதையெல்லாம் துடைத்தெடுத்துவிடுகிறார்கள். அந்த இருமல் வந்தால் இவர் முகம் மலரும், வந்துட்டாரு நம்ம ஆளு என்பார். பாட்டின் முடிவில் ஒரே ஒரு அடிச்சுரம் நீளமாக நிற்கும். வாசிப்பவர் காலை எடுத்த பிறகும் அந்தக் கட்டடம் அதை விடாது.

நிஜ ஆர்கனை ஒரே ஒரு தடவை கேட்டோம், கோலாலம்பூரில். கடைசி வரிசை மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அடிச்சுரம் வந்தபோது அவர் என் கையைப் பிடித்து பெஞ்சுமேல் வைத்து அழுத்தினார். மரம் உயிரோடு இருப்பது போல் நடுங்கியது. இது காதுக்கு இல்ல, கைக்கு என்று காதோரம் சொன்னார். எத்தனையோ பேர் நடுவில் புருசன் கையைப் பிடித்தபடி அப்படி உட்கார்ந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

பிறகு கிட்னி போனது. வாரா வாரம் ரத்தம் சுத்திகரிக்கும் மையத்துக்கு ஓடினோம். மெசின் ஓடும்போதும் காதில் அதே பாட்டுதான். ஒருநாள் காரில் திரும்பி வரும்போது, மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் போவும்போது உறுமி வேணாம்லா. நம்ம பாட்டப் போடு. கடைசி அடிச்சுரம் முடிஞ்ச பிறகுதான் பெட்டியத் தூக்கணும். அதுக்கு முன்னாடி யாரையும் தூக்க விடாத."

நல்ல வார்த்தையே வாயில் வராதா என்று எரிந்து விழுந்தேன். பிறகு சரி என்றேன்.

ஒரு விடிகாலை வீட்டிலேயே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை எங்களுக்கு. நான் போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தவள் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள்தான் டாக்டருக்கு, வீட்டில் செத்தால் சொல்லியாக வேண்டிய போலீசுக்கு, தனக்குத் தெரிந்த சவப்பெட்டிக் கடைக்காரருக்கு என்று எல்லாருக்கும் போன் செய்தாள். தெலுக் இந்தானில் இருக்கும் என் நாத்தனாருக்கும் அவள்தான் சொன்னாள். அன்று அவள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

பகலுக்குள் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வேன் வந்து பெட்டியை இறக்கியது. மூடியின் நடுவில் பளபளவென்று ஒரு சிலுவை.

கார் போர்ச்சில் நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எப்ப மதம் மாறுனாங்க என்று ஒரு குரல் எனக்கே கேட்டது. ஞாயிறு ஞாயிறு சர்ச் பாட்டு ஓடுமே, அப்பவே நினைச்சேன் என்று இன்னொரு குரல். அவருடைய பங்காளிகள் சிலர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

நடந்தது இதுதான். இந்துவா கிறிஸ்துவரா என்று சவப்பெட்டிக் கடைக்காரர் போனில் கேட்டிருக்கிறார். கிறிஸ்துவர் என்று ஆண்ட்டி தயங்காமல் சொல்லியிருக்கிறாள். என் பொட்டையும் சாமி மேடையையும் தினம் பார்ப்பவள்தான். ஆனால் அவள் வீட்டில் அவள் ஊதுபத்தி, மகள் சர்ச். எங்கள் வீட்டிலும் நான் கோயில், அவர் சர்ச் என்று அவள் இத்தனை வருசமாக நினைத்திருந்தாள். கேட்டிருந்தால் நான் சிரித்தபடி விளக்கியிருப்பேன். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை.

பெட்டிக்காரப் பையன்கள் மன்னிப்புக் கேட்டு, திருப்புளியால் சிலுவையைக் கழற்றினார்கள். மூடியில் ஓட்டைகள் தெரிந்தன. நாத்தனார் சந்தனத்தைக் குழைத்து எடுத்து வந்து, ஒவ்வொரு ஓட்டையையும் விரலால் அடைத்து, மேலே குங்குமம் வைத்தார். தாய் இல்லாத தம்பியைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இடுப்பில் சுமந்து வளர்த்தவர்.

பெட்டியை ஹாலில் வைத்து எல்லாச் சடங்கும் முடியப் போகிற நேரம், நான் எழுந்து பாட்டுப் பெட்டி இருக்கும் பக்கம் போனேன். இசைத்தட்டை எடுத்து, வெளியே நீண்ட அதன் தட்டில் வைத்தேன். நாத்தனார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. சிலுவைய இப்பதான் கழட்டுனோம். இப்ப இந்தப் பாட்டுக் கேட்டா வெளிய நிக்கிறவங்க அப்படியே போயிருவாங்க. என் தம்பிக்கு யாரு வாய்க்கரிசி போடுவா?"

"அவரு கேட்டாரு அண்ணி."

"உங்கிட்டதான கேட்டான். எங்கிட்ட கேக்கலயே."

வந்தவர்கள் அத்தனை பேரையும் வெளியே போங்கள் என்று கத்த நினைத்தேன். சும்மாவே ஊர் வாயை அடக்குகிறவள் நான், அன்று பார்த்துப் பாட்டுப் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், அரிசி போட்டார்கள். அதற்குள் ரோட்டில் உறுமி ஆரம்பித்துவிட்டது. அவர் வேண்டாம் என்ற உறுமி. அந்தச் சத்தத்தில்தான் பெட்டியைத் தூக்கினார்கள். நான் வாசலில் நின்று, விடாதே என்று சொன்ன மனுசனை விட்டுவிட்டேன். இசைத்தட்டு தட்டிலேயே கிடந்தது. உள்ளே தள்ளக்கூட இல்லை.

கருமாதி வரை வீட்டில் பாட்டு, டிவி எதுவும் கூடாது. அந்த நாட்களில் ஒரு மாலை ஆண்ட்டி பிஸ்கட் டின்னோடு வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்று அழுதாள். தப்பு செய்துவிட்டேன் என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஞாயிறு காலையில் அவர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து, அந்த நேரம் முழுக்கத் தன் வீட்டு டிவியை அணைத்து வைத்திருப்பாளாம். அவளிடம் எப்படிக் கோபப்படுவது? கேட்டைத் திறந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கருமாதிக்கு நாத்தனார் அவருடைய படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தெலுக் இந்தானிலிருந்து கொண்டு வந்தார். மாமனார் மாமியார் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, மாலை போட்டு, விளக்கேற்றினோம். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பினார்கள்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை, தோசையும் சுடவில்லை. இசைத்தட்டு அன்று வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே தள்ளினேன். உஸ்ஸென்று காற்று நிரம்பியது. அந்த ஆள் இருமினார். வந்துட்டாரு என்று வாயைத் திறந்து சொன்னேன், யாரும் இல்லாத வீட்டில். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

பாட்டு முழுவதும் அழாமல்தான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்த அடிச்சுரம் வந்தது. முருகன் ஆடவில்லை, காளியம்மன் ஆடவில்லை, கல்யாணப் படம் ஆடவில்லை. புதுப் படம் மட்டும் கடகடவென்று ஆடியது. மற்ற எல்லாவற்றுக்கும் பின்னால் அவர் கையால் மடித்து வைத்த பேப்பர் இருக்கிறது. அவர் படத்துக்குப் பின்னால் வைக்க ஆள் இல்லை.

பேப்பர் மடிக்க நேரம் ஏது, சுரம் போய்விடும். ஓடிப்போய் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். கடகட நின்றது. பெஞ்சில் நடுங்கியது போலவே கைக்குள் நடுங்கியது. எதிரொலி அடங்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.