நிலக் குடியேற்றம்

மகள் கம்பஸில் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் நான் ஒருபோதும் ஒரே பதிலைச் சொன்னதில்லை. கோயிலில் பூசை முடிந்து வரும்போது கேட்டால் "சயன்ஸ்" என்பேன். பஸ்ஸில் பழக்கமானவர்கள் கேட்டால் "டிகிரி செய்யிறா" என்று முடித்துவிடுவேன். அவள் படிப்பது சுற்றாடல். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சம். நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நாள் தவறாமல் நான் படிப்பிக்கிற பாடத்தின் பெயரும் அதுதான். நீர் எங்கிருந்து வருகிறது, மழை நாளில் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது, வீட்டுக்குள் வரும் பூச்சிகள் எவை என்று பிள்ளைகளைப் படம் வரைய வைக்கும் பாடம்.

ஒருமுறை வாய் தவறி ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கதிரையில் இருந்த டீச்சர் கொப்பி திருத்துவதை நிறுத்தாமலே, "அதுக்கு ஏன் பிள்ளைய பேராதனைப் பக்கம் அனுப்பி வச்சீங்க? ஒங்க வகுப்புலயே ஒரு வாங்குல உக்கார வச்சிருக்கலாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்து மகளிடம், உண்மையில் நீ என்னதான் படிக்கிறாய் என்று கேட்டேன். அவள் மண், நீர், காற்று, சட்டம், மனிதர்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் எனக்கு இருந்த தெளிவும் போய்விட்டது. இதையெல்லாம் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்றேன். "அதுவும் நிறைய இருக்கும்மா" என்றாள். நிறைய இருக்கிறது என்றால் ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குக் கேட்டது.

எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் போத்தல்களில் ஆற்றுத் தண்ணீர் இருந்தது. அலுமாரிக்கு மேல் பெயர் ஒட்டிய மண் பைகள் இருந்தன. பல்லேகலவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்யும் என் கணவர், மண்ணைத் தட்டிவிட்டுத்தான் தன் சேர்ட்டை எடுப்பார். அவர் ஒன்றும் கேட்டதில்லை. பயப்படுவதை எல்லாம் என் பொறுப்பில் விட்டுவிட்டார்.

இறுதி வருடத்தில் அவள் ஓர் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. ஹுன்னஸ்கிரியப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், என் அண்ணன் இருக்கும் லயத்தையே அவள் தெரிவு செய்தாள். பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கும் அந்த லயத்தில்தான் நானும் பிறந்தேன். படித்து, ஆசிரியையாகி, கண்டியில் வீடு எடுத்து நான் விட்டுவந்த இடத்துக்கே மகள் அளவு நாடாவோடு போகிறாள். எனக்கு அது பெருமையா வெட்கமா என்று தெரியவில்லை.

லயத்தில் சமைக்கும் இடமான குசினிகளுக்குப் பின்னால், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் நிலம் வெடித்திருந்தது. ஒரு கையை உள்ளே விடலாம் போல நீளமான வெடிப்பு. அதன் இரண்டு பக்கமும் சோடி சோடியாக ஆறு சோடி முளைக்கட்டைகளை அவள் அடித்தாள். ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டினாள். கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு சோடிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். தூரம் கூடினால் நிலம் நகர்கிறது, இறங்குகிறது என்று பொருள். இதை அவள் எனக்கு விளக்கியது அடித்து முடித்து வெகுநாட்களுக்குப் பிறகு. அவளுக்குப் பரீட்சை தொடங்க இருந்ததால், அளக்கும் வேலையை அண்ணனுக்குப் பழக்கிக் கொடுத்தாள். அவர் சனிக்கிழமை காலையில் அளந்து, வட்ஸ்அப்பில் இலக்கங்களை அனுப்புவார்.

லயத்து மக்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத் தாள் வேண்டும் என்று அவளுடைய ஆய்வுக்குப் பொறுப்பான மிஸ் சொல்லியிருந்தார். என்ன ஆய்வு, ஏன், யாரும் விரும்பாவிட்டால் சேராமல் இருக்கலாம் என்ற விவரம். மகள் அதை இங்கிலீஷில் எழுதிவிட்டு, "அம்மா, நீங்க டீச்சர்தானே, தமிழ்ல போட்டுத் தாங்களேன். எனக்கு நாளைக்கு பேப்பர்" என்றாள்.

மூன்று வருடத்தில் அவளுடைய படிப்பில் எனக்கென்று கிடைத்த முதல் வேலை அது. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அகராதியை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். தலைப்பிலேயே ஒரு சொல் இருந்தது: செட்டில்மென்ட். நிலத்தோடு சேர்த்து எழுதியிருந்தாள். அகராதியில் குடியேற்றம் என்றும், பிணக்கைத் தீர்த்தல் என்றும் இருந்தது. நிலம் இருக்கிறது, லயத்து மக்கள் இருக்கிறார்கள், பிணக்கு எங்கே? குடியேற்றம்தான். லயத்தில் பிறந்த யாருக்கும் அந்தச் சொல்லில் சந்தேகம் வராது. எங்களுக்கு எப்போதும் வாக்களிக்கப்பட்ட தனித்தனி வீடு, சுற்றிவரத் துண்டு நிலம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார். என் பேனை தயங்கவே இல்லை. "நிலக் குடியேற்ற ஆய்வு" என்று தலைப்பிட்டேன். "முளைக்கட்டைகள் உள்ள இடங்களில் நிலக் குடியேற்றம் கிழமைதோறும் அளவிடப்படும்" என்று கீழே எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது அழகாகவே இருந்தது.

அடுத்த நாள் அண்ணன் கிளினிக்குக்குக் கண்டிக்கு வந்திருந்தார். தாளைப் போட்டோகொப்பி எடுத்து, பஸ் நிலையத்தில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். மகள் கேட்டாள், கொடுத்தாயிற்றா என்று. கொடுத்தாயிற்று என்றேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பாள். அம்மா டீச்சர்தானே.

அதன்பிறகு ஆறு கிழமை இலக்கங்கள் ஒழுங்காக வந்தன. ஒரு சோடியிலும் மாற்றம் இல்லை. மகளுக்கு அதில் ஏமாற்றம் இருந்தாலும், "மாமா வீட்டுப் பக்கம் அசையல்லம்மா" என்று சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. எனக்கும் முதன்முறையாக அவளுடைய படிப்பு விளங்கிய மாதிரி இருந்தது. அளந்து பார்த்து, பயமில்லை என்று சொல்வதற்கான படிப்பு.

பிறகு மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, மண்சரிவு எச்சரிக்கை வந்தது. லயத்தில் மற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டப் பாடசாலைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு, மகளிடம் அண்ணனுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். அவள் இலக்கங்களைப் பார்த்தாள். அளவு ஒன்றும் மாறவில்லை என்றும், ஆனாலும் போகச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள். நான் இரண்டையும் அண்ணனிடம் சொன்னேன். அவர் முதலாவதை எடுத்துக்கொண்டார். "பிள்ளையே அளந்து பாத்து ஒன்னுமில்லன்னு சொல்லுது. பொறகு நான் எதுக்கு அந்த ஸ்கூல்ல போயி குளிர்ல கெடக்கணும்?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. மகள் மேல் அவர் வைத்த நம்பிக்கை எனக்கு இனிப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலை மலை இறங்கியது. லயத்தின் குசினிகள் பன்னிரண்டும் போயின. அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற செய்தி மத்தியானம்தான் வந்தது. அதுவரை நானும் மகளும் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தோம்.

அதன்பிறகு இரண்டு கிழமை அவள் கம்பஸுக்குப் போகவில்லை. முளைகளைப் பிழையான இடத்தில் அடித்துவிட்டேன், எனக்கு இந்தப் படிப்பு படிக்கத் தகுதியில்லை என்று ஒருமுறை சொன்னாள். மிஸ் எடுத்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லவில்லை. அலுமாரிக்கு மேலிருந்த மண் பைகளை இறக்கி, முற்றத்தில் கொட்டினாள். அந்தப் பைகளை எப்போது அகற்றுவாள் என்று மூன்று வருடம் காத்திருந்தவள் நான். அன்று அவள் கொட்டுவதைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

பாதை திறந்ததும் மஹியங்கனை பஸ்ஸில் ஏறித் தனியாகப் போனேன். அண்ணனும் அண்ணியும் தோட்டப் பாடசாலையில், இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டு ஒரு மூலையில் இருந்தார்கள். அண்ணி தேநீர் கொடுத்தார். அன்று காலை எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டேன்.

"அளந்துக்கிட்டு இருந்தோம்" என்றார் அண்ணன். "சனிக்கிழமதானே. நான் நாடாவ புடிச்சேன், ஒங்க அண்ணி கொடைய புடிச்சா. பின்னால சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா குசினியக் காணோம்."

எனக்கு விளங்கவில்லை. முளைகள் இருந்தது குசினிக்குப் பின்னால்தானே என்றேன்.

"அது மொதல்ல. நாங்க முன்னால மாத்திட்டோம்ல."

ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். அண்ணன் என்னை வேடிக்கையாகப் பார்த்தார்.

"நீதானே தங்கச்சி எழுதியிருந்த. முளை இருக்கிற எடத்துலதான் குடியேத்தம்னு. குசினிக்குப் பின்னால அந்தப் பொளந்த பள்ளத்துல எவனுக்கு வீடு வேணும்? லயத்துல எல்லாரும் கூடிப் பேசினோம். முன்னால மரக்கறித் தோட்டம் நல்ல சமதரை. ரெண்டு வீட்டுக்கு ஒரு சோடின்னு பிரிச்சு அடிச்சோம். பிள்ள அளவு பிசகக்கூடாதுன்னு, பின்னால எவ்வளவு தூரம் இருந்துச்சோ அதே தூரம் வச்சுத்தான் அடிச்சேன். ஒரு நூல் கூடக் கொறையல."

பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். மண்ணுக்குள் போன எத்தனையோ சாமான்களில் அது மட்டும் தப்பியிருந்தது. வீட்டுப் பத்திரம் என்று நினைத்து மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். என் கையெழுத்து. கரும்பலகையில் எழுதுவது போல உருண்டை உருண்டையாக.

மகள் பிறகு விளக்கியதை அப்போதுதான் அந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்த்தேன். அதற்கு அர்த்தம் அதுவல்ல, நிலம் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "தரை ஒக்காருறதையா?" என்றார். "அது ரெண்டு வருசமாவே ஒக்காந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு. அம்மி வச்ச எடமே ஒரு சாண் எறங்கிருச்சு. அப்பிடி எழுதியிருந்தா நாங்களே சொல்லியிருப்போமே."

அண்ணன் தாளை மறுபடி மடித்தார். எனக்குத் தருவார் என்று பார்த்தேன். பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். நான் ஒழுங்காக எழுதியிருந்தால் முளைகள் வெடிப்பிலேயே இருந்திருக்கும். அளவு கூடியிருக்கும். மகள் கண்டுபிடித்திருப்பாள். எல்லோரும் முன்பே வெளியேறியிருப்பார்கள். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணன் பிடிவாதக்காரர். வெளியேறாமல் இருந்திருந்தால், அந்தச் சனிக்கிழமை காலை நாடாவோடு எங்கே நின்றிருப்பார்? குசினிக்குப் பின்னால். அண்ணி குடை பிடித்தபடி பக்கத்தில். என் பிழை அவர்களைக் கொல்லப் பார்த்ததா, காப்பாற்றியதா? தெல்தெனிய வரைக்கும் ஒன்று சரியென்று பட்டது. அதைத் தாண்டியதும் மற்றது சரியென்று பட்டது. கண்டியில் இறங்கும்போது இரண்டுமே கையில் இல்லை.

இதை மகளிடம் சொல்லாமல் விட்டுவிட நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். படிப்பை விட்டுவிடுவாள், பயமில்லாத ஒரு வேலைக்குப் போவாள், மலைகளுக்குப் போகமாட்டாள். மூன்று வருடம் நான் வேண்டியதும் அதைத்தானே. ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும், அது நடந்துவிடும்.

வீட்டுக்குள் போனபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தூறத் தொடங்கிய மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் எழுதியதை, முளைகள் முன்னால் வந்ததை, சமதரையில் அடித்தவை எப்படி அசையும் என்பதை. நீ அடித்த இடம் சரி, சொல்லைப் பிழையாகப் போட்டது நான் என்றேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "நிலக் குடியேற்றமா?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பிலிருந்து அழுகையாக மாறியது எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க மட்டுமில்ல. நான் வாசிச்சுப் பாத்திருக்கணும். ஒருக்கா வாசிச்சிருந்தா போதும்" என்றாள்.

அடுத்த நாள் மிஸ்ஸிடம் போனாள். நடந்தது முழுவதையும் ஆய்வில் எழுத வேண்டும் என்று அவர் சொன்னாராம், முளைகள் நடந்து போன கதையையும் சேர்த்து. பக்கத்துச் சரிவில் இன்னும் இரண்டு லயங்கள் இருக்கின்றன. அங்கே மறுபடி முளை அடிக்கப் போகிறாள். எனக்கு விருப்பமா என்று அவள் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புதிய தாளை இங்கிலீஷ் இல்லாமல் நேரே தமிழிலேயே எழுதினாள். எழுதி, அண்ணிக்குத் தொலைபேசியில் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன். முதல் வரியில், "இந்தப் பக்கம் தரை ஒக்காருதா என்று பார்க்கிறோம்" என்று இருந்தது. "ஒக்காருதா" என்ற இடத்தில் பேனை நின்றது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்தால் வட்டம் போட்டிருப்பேன்.

வெளியே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. எப்போது போகிறாய் என்று கேட்டேன். சனிக்கிழமை என்றாள். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தாளைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தேன்.