நாலு பேர், ஐந்து ‘ஓம்’

இது உண்மையில் நடந்தது. நம்பாதவர்களோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை. பட்டப்பகலில் பேயா என்று சிரிப்பவர்கள் ஒருமுறை வெல்டிங் முகமூடியைப் போட்டுப் பாருங்கள். உச்சி வெயிலிலும் உள்ளே அமாவாசைதான். வெல்டிங் குச்சி நெருப்புப் பிடித்தால் ஒரு சாண் இடம் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் கறுப்பு.

1986, ஆவணி மாதம். பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் அப்போது இருந்த ஒரு சிறிய தொழில்நுட்பக் கல்லூரி. பெயர் வேண்டாம். நாங்கள் ஐந்து பேர் வெல்டிங் படித்தோம். முகமூடி ஒன்றே ஒன்றுதான். வெறுங்கண்ணோடு அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் கண் போய்விடும். அதனால் செபநாயகம் மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முகமூடி போட்டவன் “கண்!” என்று கத்த வேண்டும். மற்ற நாலு பேரும் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவராக “ஓம்” சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்மதத்துக்கு அதுதான் சொல். நாலு ‘ஓம்’ கேட்ட பிறகுதான் குச்சியைத் தகட்டில் உரசலாம்.

“ஒருத்தனுக்காக இன்னொருத்தன் ஓம் சொல்லப்படாது. சொன்னால் அண்டைக்கே வீட்டை அனுப்பிப்போடுவன்.”

மாஸ்டர் இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் நடுங்கும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

எனக்குத் தகடு பிடிப்பவன் கனிசியஸ். குருநகர்க் கடற்கரைப் பெடியன். கடலுக்குப் போகக் கூடாது என்று சட்டம் வந்து, வள்ளம் மணலில் கிடந்து காய்ந்ததால் இரும்போடு மல்லுக்கட்ட வந்தவன். சவூதியில் ஒரு கப்பல் பட்டறையில் அவனுக்கு வேலை சரிவந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை கொழும்பில் கண் பரிசோதனை. அதில் தேறினால் தாய் மரியநாயகியும் மூன்று தங்கைமாரும் சாப்பிடுவார்கள். தேறாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

அதற்கு முந்திய வாரம், திங்கட்கிழமை பிற்பகல் 1.50. நான் முகமூடியை இறக்கிவிட்டு “கண்!” என்றேன்.

ஓம்... ஓம்... ஓம்... ஓம்...

ஓம்.

ஐந்து. கடைசி ‘ஓம்’ என் இடப்பக்கத்தில் கேட்டது. முகமூடியைத் தூக்கிப் பார்த்தேன். இடப்பக்கம் சுவர். சுவருக்கும் எனக்கும் இடையில் ஓர் ஆள் நிற்க இடமே இல்லை.

“ஆரடா பகிடி விடுறது?”

“காதைக் கழுவிப்போட்டு வா மச்சான்” என்று கனிசியஸ் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமையும் ஐந்து. ஐந்தாவது வயதான, கரகரத்த குரல். எங்களில் யாருக்கும் அப்படிக் குரல் இல்லை. மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மீதே ஆத்திரம் வருகிறது.

புதன்கிழமை. சுவர் மணிக்கூட்டில் 2.10. கனிசியஸ் எனக்கு எதிரே குனிந்து, குறட்டால் தகட்டைப் பிடித்திருந்தான். முகமூடியை இறக்கினேன். இருட்டு.

“கண்!”

ஓம்... ஓம்... ஓம்...

ஓம்.

நாலு. நாலேதான்! அப்பாடா என்று இருந்தது. கணக்கு இன்றைக்குச் சரி. குச்சியை உரசினேன்.

சர்ர்ர்ர்...

வெளிச்சம் எழுந்தது. அந்த ஒரு சாண் வட்டத்துக்குள் கனிசியஸின் முகம் தெரிந்தது. அவன் திரும்பவில்லை. கண்கள் திறந்திருந்தன. இமை கூட ஆடவில்லை...

அப்போதுதான் உறைத்தது. நாலாவது ‘ஓம்’ இடப்பக்கத்தில் இருந்து வந்தது.

நான் எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். யாருடைய குரல் என்று கவனிக்கவில்லை.

கையை இழுத்தேன். வரவில்லை. குச்சி தகட்டில் ஒட்டவில்லை, எரிந்துகொண்டுதான் இருந்தது. என் கைதான் அசையவில்லை.

“மூடடா! கண்ணை மூடடா!”

என் குரல் முகமூடிக்குள்ளேயே நின்றது.

ஒரு குச்சி ஒரு நிமிடத்தில் எரிந்து முடியும். இது முடியவில்லை. குறையவும் இல்லை.

மாஸ்டர் ஓடிவரும் சத்தம்.

டக்.

மெயின் சுவிட்ச். மெஷினின் உறுமல் நின்றது.

வெளிச்சம் நிற்கவில்லை...

சர்ர்ர்ர்...

இடக் காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். ஆறுதலாக. நிம்மதியாக.

பிறகு அணைந்தது.

முகமூடி தரையில் விழுந்தது. மணி 2.14. கனிசியஸ் இரண்டு கைகளாலும் காற்றைத் தடவிக்கொண்டிருந்தான்.

“மச்சான், ஏன் இருட்டாக் கிடக்கு?”

பெரியாஸ்பத்திரியில் அவன் கண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். மரியநாயகி அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“என்ரை கண்ணிலை தூசி விழுந்தது. பொறு, பொறு எண்டு கத்தினனான். பிறகு இமையை மூடவும் ஏலாமப் போச்சுது. ஏன் மச்சான் கேக்கேல்லை?” என்றான் கனிசியஸ்.

எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. மற்ற மூன்று பேரையும் கேட்டேன். அவர்களுக்கும் கேட்கவில்லை. எல்லாருக்கும் கேட்டது ‘ஓம்’ மட்டும்தான்.

அன்று மாலையே மாஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பெஞ்சில் பொத்தென்று இருந்துவிட்டார்.

“எந்தப் பக்கம் கேட்டது?”

“இடப்பக்கம்.”

“அது சீவரத்தினத்தின்ரை இடம். அப்ப அந்தச் சுவர் இல்லை” என்றார்.

சீவரத்தினம் இரண்டு வருடத்துக்கு முன் அங்கே படித்தவராம். வயது நாற்பதுக்கு மேல். ஒரு நாள் அவர் கண்ணை மூடுமுன், பக்கத்தில் நின்ற ஒருவன் பகிடிக்கு அவருக்காக ‘ஓம்’ சொல்லிவிட்டான். வெல்டிங் செய்தவன் உரசிவிட்டான். இரண்டு கண்ணும் போய்விட்டன.

“செத்துப்போனாரோ மாஸ்டர்?”

“சீச்சீ. உயிரோடைதான் இருக்கிறார். தொண்டைமானாத்திலை, மனிசியோடை.”

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. உயிரோடு இருக்கும் மனிதர் என்றால் காலில் விழலாம். கனிசியஸின் கண்ணைத் திருப்பித் தாருங்கோ என்று கேட்கலாம். பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். எனக்கு வேறு என்ன வழி இருந்தது? சனிக்கிழமை காலை சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி 10.40.

வாசல் படலையில் சாவீட்டுத் தோரணம் வாடித் தொங்கியது.

சீவரத்தினத்தின் மனைவி கமலாவதி வெளியே வந்தார். மெலிந்த பெண். அழுது முடிந்த முகம். சீவரத்தினம் படித்த கல்லூரியில்தான் நானும் படிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இருக்கச் சொன்னார்.

“எப்ப அக்கா?”

“புதன்கிழமை, தம்பி. ரெண்டு வரியமா அந்த மனிசன் ஒண்டும் கதைக்கிறேல்லை. மத்தியானத்திலை மட்டும் கதிரையிலை இருந்து ‘ஓம், ஓம்’ எண்டுவார். ஆருக்குச் சொல்றார் எண்டு எனக்குத் தெரியாது. புதன்கிழமையும் சொன்னார். அப்ப மணி ரெண்டு பத்து.”

நான் எழுந்துவிட்டேன். அவர் தன் பாட்டில் சொல்லிக்கொண்டே போனார்.

“பிறகு நேரை என்ரை முகத்தைப் பாத்தார். ‘கமலா, நல்லா மெலிஞ்சு போனாய்’ எண்டார். கண் தெரியாத மனிசன், தம்பி... நான் கையை ஆட்டிப் பாத்தன். கையோடை கண்ணும் வந்தது. நாலு நிமிசம் என்னை வடிவாப் பாத்துக்கொண்டே இருந்தார். அப்பிடியே உயிர் போட்டுது. கண்ணை நான்தான் மூடிவிட்டனான்.”