கழித்துப் போட்ட பதிவு

அம்மா கத்தவில்லை. அதைத்தான் இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றபடி தெருமுனைக் கடைக்காரரிடம் பேரம் பேசியவள் அவள். பேரம் படிவதற்குள் நடுவிலிருக்கும் அத்தனை வீடுகளுக்கும் அன்றைய வெங்காய விலை தெரிந்துவிடும்.

அந்தக் குரல் தறிகளுக்கு நடுவே வளர்ந்தது. கல்யாணத்துக்கு முன்பே நெசவாலைக்குப் போனவள். தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவளிடம் தண்ணீர் கேட்பதற்கே தொண்டை கிழிய வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் குறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"நான் இங்கதான் இருக்கேன். அடுத்த ஊர்ல இல்ல" என்பார் அப்பா, காதைக் குடைந்துகொண்டே.

"இங்க இருக்கிற ஆளு கூப்பிட்டா ஏன் அசையறதில்ல?"

ஆலை மூடியது. கட்டடம் சில வருடங்கள் பூட்டிக் கிடந்தது. பிறகு ஓர் இசைக்குழு அதன் பஞ்சுக் கிடங்கை வாடகைக்கு எடுத்தது. தடித்த சுவர், உயரமான கூரை, மரத்தளம். ஐரோப்பாவில் முந்நூறு வருடங்களுக்கு முன் எழுதிய பரோக் இசையை, அந்தக் காலத்துக் கருவிகளையே கொண்டு வாசித்துப் பதிவு செய்கிறவர்கள் அவர்கள். ஒரு பாடகி, இரண்டு வயலின், பியானோவுக்கு முன்னோடியான ஒரு ஹார்ப்சிகார்டு, பிறகு ஆளைவிட உயரமான கழுத்துடைய தியோர்போ. அதை வீணை மாதிரி மீட்ட வேண்டும். வயலினுக்கும் தியோர்போவுக்கும் உலோகக் கம்பி கிடையாது. ஆட்டுக்குடலைத் திரித்த நரம்புதான்.

கட்டடத்தின் மூலை முடுக்கு தெரிந்த ஆள் வேண்டும் என்று அம்மாவை எடுத்தார்கள். வேலை, பதிவு நடக்கும்போது கூடத்தில் எந்தச் சத்தமும் வராமல் பார்த்துக்கொள்வது.

"உன்னையா?" என்றார் அப்பா. "ஆள் மாறாட்டம் எதுவும் இல்லையே?"

ஒருநாள் நான் நேரில் போய்ப் பார்த்தேன். அம்மா குளிர்பதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்குள் சுற்றி வைத்தாள். முனகுகிற குழல்விளக்கை அணைத்தாள். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துண்டு கட்டியிருந்தாள். பின்தெரு வெல்டிங் பட்டறையை எட்டிப் பார்த்துக் கையை உயர்த்தினாள், பட்டறை நின்றது. வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டாள். செருப்பில்லாமல் வந்து கதவோரம் முக்காலியில் உட்கார்ந்தாள். பதிவு தொடங்கியதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

இயந்திரங்களின் அதிர்வை அளப்பது என் தொழில். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று வரைகோட்டைப் பார்த்துச் சொல்வேன். அம்மாவைப் போல அசையாமல் இருந்த எதையும் நான் அளந்ததில்லை.

அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாட்டின் கடைசிச் சுரம் ஓயும் நேரத்தில் அம்மா இருமிவிட்டாள். பாடகி அழுதுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி மறுபடி பாடினாள், அம்மாவுக்கு டீயும் வாங்கிக் கொடுத்தாள், அன்றே மறந்தும் போனாள். அம்மா மறக்கவில்லை. "சிவப்பு எரிஞ்சா எனக்கு வாயே கிடையாதுடி" என்பாள்.

விளக்கு அணைந்தால் மட்டும் வாய் திரும்பி வரும். எல்லோருக்கும் பெயர் வைத்திருந்தாள். ஒலிப்பதிவாளர் எப்போதும் ஹெட்போனோடு இருப்பதால் 'காது'. தியோர்போ வாசிப்பவர் 'நீளக்கழுத்து'. காற்றில் ஈரம் ஏறினால் குடல் நரம்பின் சுருதி இறங்கிவிடும். நீளக்கழுத்து ஒவ்வொரு முளையாகத் திருகிக்கொண்டே இருப்பார்.

"ஏன் தம்பி, வாசிக்கிற நேரத்தைவிட முறுக்கற நேரந்தான் ஜாஸ்தியா இருக்கு?"

"என்னக்கா பண்றது? குடலாச்சே. சொன்ன பேச்சு கேக்கறதில்ல."

"எங்க வீட்டுக்காரருக்கும் அதே தொல்லைதான்."

அம்மா இறந்த அன்று மழை. பாட்டு நடந்துகொண்டிருந்தபோது அவளுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் திறந்து, வெளியே போய், சத்தமில்லாமல் சாத்தியிருக்கிறாள். விளக்கு அணைந்த பிறகு தண்ணீர் குடிக்க வந்த நீளக்கழுத்துதான் பார்த்தார். படிக்கட்டில் சுவரோடு சாய்ந்திருந்தாள். உயிர் இல்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று தொடங்கிய மருத்துவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

துக்கம் விசாரிக்க வந்த பாடகி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "கடைசி வரைக்கும் ஒரு சின்னச் சத்தம்கூட வரவிடலைங்க."

அப்பா அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிக்கொண்டார். சில மாதங்களில் சிடி வந்தது. வந்து போகிற எல்லோருக்கும் அந்தப் பாட்டைப் போட்டார். "இதுதான். அவ காப்பாத்திக் குடுத்தது."

"இந்தப் பொண்ணு ஏன் அழுதுக்கிட்டே பாடுது?" என்று கேட்டாள் அத்தை.

"உனக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்? பேசாம கேளு."

அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டு ஓடும்போது மட்டும் சாப்பிட்டார்.

நான் சிடியை அலுவலகக் கணினியில் ஏற்றினேன். கதவை எவ்வளவு மெதுவாகச் சாத்தினாலும் அறைக்குள் காற்று அழுந்தும். காதுக்கு எட்டாத ஆழத்தில் அது வரைகோட்டில் ஒரு மேடாகப் பதிவாகியிருக்கும். அம்மாவின் கை பட்ட கடைசிக் கதவு. பாட்டு முழுக்கத் தேடினேன். இல்லை. துடைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒலிப்பதிவாளர் காதிடம் போனேன்.

"மூலப் பதிவு வேணும் சார். எதையும் துடைக்காதது."

"வேண்டாம்மா."

"வேணும்."

கூடத்தின் பின்பக்க மைக்கை மட்டும் தனியாகப் போட்டார். பாட்டு தூரத்தில் கேட்டது. பக்கத்தில் அம்மா. ஒரு மூச்சு பாதியில் நின்றது. அடுத்த மூச்சு துணிக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறாள். முக்காலி அசைந்தது. வெறும் பாதங்கள். பிறகு திரையில் அந்த மேடு. கதவு.

நான் தேடி வந்தது கிடைத்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் என் கண் திரையில் வேறொன்றைப் பார்த்துவிட்டது.

"தியோர்போவோட கீழ் நரம்பு இறங்கியிருக்கே?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"தொடங்கின கொஞ்ச நேரத்துலயே. மழை."

"சிடில சரியா இருக்கு."

"அது இது இல்லம்மா. அடுத்த மாசம் பண்ணது. இதை அப்பவே கழிச்சாச்சு."

"அப்பவேன்னா?"

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அக்கா எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே."

"வேண்டாத பதிவுன்னு தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?"

"பாடகிக்கு அப்பதான் குரல் திறந்து வந்துச்சு. நடுவுல நிறுத்தினா மனசு விட்டுடும். ஒருதரம் முழுசாப் பாடட்டும்னு விட்டேன். எப்பவும் அப்படித்தான் விடுவோம்."

"அம்மாவுக்கு அது தெரியுமா?"

"இந்த ரூம்ல பேசறது கூடத்துக்குக் கேக்காது. அங்க சிவப்பு விளக்கு மட்டுந்தான்." அவர் குரல் உடைந்தது. "கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்போம்மா. அக்காவுக்கு அது தெரியாதா என்ன?"

தெரியாது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்பாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாம். பஸ்ஸில் வழி நெடுக அதைத்தான் யோசித்தேன். வீட்டில் சிடி ஓடிக்கொண்டிருந்தது.

"போனியே, கதவு கேட்டுதா?" என்றார்.

"கேட்டுச்சு."

"அவ சாத்தினா கேக்காதே."

"மிஷினுக்குக் கேக்கும்பா."

"இந்தப் பாட்டுலதானே? எந்த இடம்? சொல்லு, வர்றவங்களுக்குக் காட்டறேன்."

அளந்ததை மாற்றிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சொன்னேன். நரம்பு இறங்கியதை, கழித்ததை, அது தெரிந்தும் ஓடவிட்டதை. அவர் சிடியை நிறுத்தினார். தப்பான பொத்தானை அழுத்தி, தட்டு வெளியே வந்து நின்றது.

"அப்ப அவ கூப்பிட்டிருந்தா?"

"நிறுத்தியிருப்பாங்க."

"நிறுத்தினா?"

"திரும்பப் பாடியிருப்பாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு வேற எதுக்காவது நிறுத்தினாங்களா?"

"காலையில ஒரு லாரிக்காம். அப்புறம் ஒரு ஈ மைக்ல வந்து உட்கார்ந்துச்சுன்னு..."

"ஈயா?"

"ஆமாம்பா."

"ஈக்கு நிறுத்தினாங்களா?"

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. அம்மாவைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவளை அறையலாம் போல எனக்கே இருந்தது. என்னைத் திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"இப்ப அந்த முக்காலில யாரு உட்கார்றா?" என்றார்.

"புதுசா ஒருத்தர் வந்திருக்காராம்."

"அவர்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

"என்னன்னு?"

"நிறுத்தலாம்னு."

"தெரியலப்பா."

அப்பா எழுந்தார். கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, சட்டையைத் தேட ஆரம்பித்தார்.