மதியம் தூங்கும் ஊரில் ஒரு டேட்டாபேஸ்

டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு: எல்லாம் ஒழுங்காக ஓடினால் "இந்தப் பொண்ணுக்கு இங்க என்ன வேலை?" என்பார்கள், நின்றுபோனால் "இந்தப் பொண்ணு என்ன பண்ணித் தொலைச்சா?" என்பார்கள். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு வேலை புதுச்சேரியில், ஒரு கல்யாணத் தகவல் மையத்தில். வரன் தேடுகிற அத்தனை பேரும் என் சர்வருக்குள்தான் வரிசையாகக் காத்திருக்கிறார்கள்.

ஒரு மணி ஆனால்

சர்வரை நிறுத்திச் சுத்தம் பண்ணுகிற வேலையை மற்ற ஊர்களில் நடுராத்திரியில் கண் முழித்துச் செய்கிறார்கள். எனக்கு அந்தக் கஷ்டமில்லை. மதியம் ஒரு மணிக்கு ஊரே ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போகும், நாலு மணிக்கு மேல்தான் கண் திறக்கும். அந்த இடைவெளிதான் என்னுடையது. வெளியே தெருவில் வெயில் மட்டும் நடமாடும். உள்ளே ஏசியின் முனகல். சர்வரில் பச்சை விளக்குகள் மெதுவாக மினுங்கும். தேடுவதற்கு வசதியாகப் பதிவுகள் தங்களைத் தாங்களே அடுக்கிக்கொண்டிருக்க, நான் பாதித் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். முன்னறையில் ழொஸெஃபின் அக்கா மேஜையில் தலை வைத்துப் படுத்திருப்பார். வருகிறவர்களின் விவரங்களை டைப் அடிப்பது அவர்தான். "ஊரே தூங்குது, நான் மட்டும் சர்வருக்குக் காவல்" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். தலையைத் தூக்காமலே சொன்னார்: "அதையும் கொஞ்சம் தூங்க வுடேன். அதுவும் பாண்டிச்சேரிதானே?"

லாக்கர் நகை

பதிவுகளுக்கு நகலாக எடுத்து வைத்த பேக்கப், தேவைப்படும்போது திரும்பி வருமா? எனக்கு இந்தப் பயம் தீரவே தீராது. அதனால் வாரம் ஒருமுறை அதை வேறொரு பழைய கம்ப்யூட்டரில் விரித்து, எல்லாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிடுவேன். ஒரு மதியம் முதலாளி இதைக் கவனித்துவிட்டார். என்னவோ நான் பொழுதுபோகாமல் விளையாடுகிறேன் என்று நினைத்தார் போல. "நகைய லாக்கர்ல வெச்சா வெச்சதுதாம்மா. வாராவாரம் எடுத்து யாராவது போட்டுப் பாப்பாங்களா?"

எழுத இடமில்லாத நிபந்தனை

வசந்தா அம்மா உழவர்கரையிலிருந்து வருவார். புருஷன் இல்லை. ஒரே மகள் கவிதா. படியேறி வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டே நாற்காலியைத் தேடுவார். பதிவு செய்து ஒரு வருஷம் ஆகியும் அந்த ஊரிலேயே ஒரு வரன் அமையவில்லை. கடைசியாக பிரான்ஸ் மாப்பிள்ளை வரன் ஒன்று வந்தது. எங்கள் ஊரில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற மாப்பிள்ளை என்றால் கேட்க வேண்டுமா, சொந்தக்காரர்கள் எல்லாம் நெருக்குகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கவிதாவோ, "நீ போன்னா போறேன்" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

படிப்பு, சம்பளம், நட்சத்திரம் என்று என்னிடம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அவர் கேட்டதற்குத்தான் கட்டம் இல்லை. "நான் கூப்பிட்டா கேக்கற தூரத்துல இருந்தா போதும் பாப்பா. வேற எதுவும் எழுதிக்காத."

ஓர் ஊர், மூன்று பெயர்

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அத்தனை பெரிய ஊரில் பொருத்தமாக ஒரு பையன்கூடவா இல்லை? ஊர்ப் பெயர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். ழொஸெஃபின் அக்கா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கவிதாவின் பதிவு உட்பட அவர் அடித்ததெல்லாம், பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரைச் சொன்ன மாதிரி, 'ஊல்கரே'. வெப்சைட் வழியாகப் பதிந்தவர்கள் 'ஒழுகரை' என்று போட்டிருந்தார்கள். மீதிப் பேர் 'உழவர்கரை'. ஒரே ஊர்தான். ஆனால் சர்வருக்கு அது எங்கே தெரியும்? அதன் கணக்கில் மூன்றும் வேறு வேறு ஊர். ஊல்கரே பெண்ணுக்கு ஒழுகரைப் பையனை அது காட்டவே இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்காமல் அக்காவிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் சரியாத்தான் அடிச்சேன். ஊருதான் பேர மாத்திக்கினே இருக்குது."

வெள்ளிக்கிழமை மதியம்

மூன்று பெயரையும் ஒன்றாக்கப் போகிறேன் என்றதும், தை மாசம் நெருங்குகிறது, ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்றார் முதலாளி. கெட்டுப்போனால்? பழையபடி ஆக்கிவிடுவேன் என்றேன். ஆகுமா? போன வாரம்கூட ஆக்கிப் பார்த்தேனே என்றேன். லாக்கர் நகை ஞாபகம் வந்திருக்க வேண்டும், "நாலு மணிக்குள்ள முடிச்சிடும்மா" என்றார்.

ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கியது. முதலில் பேக்கப். பழைய கம்ப்யூட்டரில் ஒத்திகை. பிறகுதான் நிஜத்தில் கை வைத்தேன். ஊர்களுக்குத் தனி அட்டவணை போட்டு, மூன்று பெயரையும் ஒரே எண்ணுக்குக் கீழே சேர்த்தேன். இனிமேல் யார் எப்படிச் சொன்னாலும் சர்வருக்கு ஊர் ஒன்றுதான். வெளியே ஒரு சைக்கிள் மணி கேட்டு அடங்கியது. அந்த அமைதியில், பிரிந்திருந்த தெருக்களெல்லாம் அசைந்து அசைந்து ஒன்றுசேருவதுபோல ஒரு மயக்கம் எனக்கு. ஊர் விழிப்பதற்குள் கவிதாவுக்காக மறுபடி தேடினேன். ஒரு பையன் வந்தான்: தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர், போன வருஷம் உழவர்கரைக்குக் குடிவந்து 'ஒழுகரை' என்று பதிந்திருந்த குடும்பம். வசந்தா அம்மாவுக்குப் போன் போட்டு விலாசத்தைப் படித்தேன். கதவு எண்ணை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, அது எங்க தோட்டத்துச் சொவுத்துக்கு அந்தாண்ட வூடாச்சே."

ஷட்டர் இறங்கும் நேரம்

பையனும் பெண்ணும் பார்த்தார்கள், பேசினார்கள், பிடித்துப்போயிற்று. பிரான்ஸுக்கு மரியாதையாக மறுப்பு சொல்லியாகிவிட்டது. தையிலேயே கல்யாணம். பத்திரிகையில் பெண் வீட்டார் ஊல்கரே, மாப்பிள்ளை வீட்டார் ஒழுகரை என்று அச்சடித்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள்.

மாசி பிறந்து ஒரு மதியம், ஷட்டரில் கை வைக்கும்போது வசந்தா அம்மா அதிரசத்தோடு படியேறி வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கண் ஈரமாக இருந்ததால் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கும் அழுகை வந்துவிட்டது. "நேத்து பால் பொங்குதுன்னு, பழக்கத்துல 'கவிதா'ன்னு கூப்ட்டுட்டேன் பாப்பா. அப்புறந்தான் அவ கட்டிக் குடுத்த பொண்ணாச்சேன்னு ஒறச்சுது. அதுக்குள்ள சொவுத்துக்கு அந்தாண்டேர்ந்து 'தோ வரேம்மா'ங்கறா."

செய்த வேலையின் விவரத்தை எழுதி வைக்க வேண்டிய கட்டத்தில் அந்த வெள்ளிக்கிழமைக்கு நேராக 'ஊர்ப் பெயர் எழுத்துப்பிழை திருத்தம்' என்றுதான் போட்டிருக்கிறேன், அதற்குமேல் எழுத அதில் இடமில்லை.