கம்பி இழுக்கும் பெண்

பல்லடம் தாண்டியதும் பேருந்து நிற்கிறது. காற்றாலை மின்சாரத்துக்கான புதுக் கம்பியைச் சாலைக்கு மேலே இழுக்கிறார்கள். அதற்காகச் சுற்றுவட்டாரத்தில் மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள்; தறிச் சத்தமே இல்லை. சலித்துப்போய் இறங்குகிறேன். மஞ்சள் ஹெல்மெட் போட்ட இளம்பெண், இந்த வேலைக்குப் பொறுப்பான எஞ்சினியர், போனில் பேசுகிறார்.

"இல்லீங்கப்பா. டவர் மேல ஆளுக இருக்குதுங்க. எல்லாரும் எறங்குனாத்தான் கரண்டு."

"அப்பாங்களா?" என்று கேட்கிறேன்.

"ஆமாங்க. பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. ஷிப்மென்ட் நிக்குதாமா. நம்ம ஆபீஸ்ல உக்காந்தாப் போதும், டவர் வேலையெல்லாம் பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னாரு. இப்பக் கரண்டுக்கு என்னயத்தான கேக்கறாரு?"

போன் மறுபடி அலறுகிறது. அதைப் பையில் போட்டுவிட்டு, மேலே அண்ணாந்து கத்துகிறார்:

"அவசரமில்லீங்கண்ணா, பாத்து மெதுவாவே பண்ணுங்க!"