வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து

போன வாரம் குக்கருக்குப் புது கேஸ்கட் வந்தது. கொண்டு வந்தவர் செல்போனை நீட்டி, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். பார்த்தால் வெறும் வெள்ளைக் கட்டம். மேலே ஒரு எழுத்து இல்லை, கீழே ஒரு எழுத்து இல்லை. எதற்குக் கையெழுத்து, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னையும் கேஸ்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளேயிருந்து மனைவி வந்து ஒரு கிறுக்கல் கிறுக்கி அவரை அனுப்பிவைத்தாள். "ரப்பர் வளையத்துக்கு ஜப்தியா வரப்போகுது?" என்றாள். சிரித்தேன். ஆனால் விரலை நான் நீட்டவில்லை.

காரணம் இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல.

இருபத்திரண்டு வயதில், இலுப்பூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் (பெயர் வேண்டாம், என் தைரியம் இன்றைக்கும் அவ்வளவுதான்) டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். எதிரே போலீஸ் ஸ்டேஷன். கார்பன் தாள், ரிப்பன் மை, பக்கத்து டீக்கடை வாழைக்காய் பஜ்ஜி. இந்த மூன்று வாசனையும் சேர்ந்துதான் எனக்கு அரசாங்கத்தின் வாசனை. எங்கள் வரிசைக் கடைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏட்டு வெள்ளைத்தாளோடு வருவார். கீழே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மேலே என்ன வரும் என்று கேட்கக்கூடாது. டீக்கடைக்காரர் தன் ஆயுளில் பார்க்காத களவுகளுக்கெல்லாம் சாட்சி. "அதுபாட்டுக்குப் போடுங்க தம்பி, கோர்ட்டுல கூப்புட மாட்டாங்க" என்பார்.

என் முறை வந்தபோது பெருமையாக இருந்தது. கையெழுத்தை நோட்டில் பல மாதம் பழகி வைத்திருந்தேன். கடைசியில் ஒரு சுழி, அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. கலெக்டர் ஆனால் தேவைப்படுமே. நான் ஆகவில்லை, கையெழுத்து மட்டும் அரசாங்க வேலைக்குப் போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றார். அடைக்கலத்தின் மனைவி. அடைக்கலம் எங்கள் கடைக்கு வருகிறவர். அவர்கள் தெருவில் யாராவது இறந்தால் ஊர்த்தெரு வழியாகக் கொண்டு போகக்கூடாது. வயல் வரப்பில்தான் போக வேண்டும். நடவு காலமென்றால் பாடையைத் தூக்குகிறவர்கள் முட்டளவு சேற்றில் இறங்குவார்கள். சுடுகாட்டுக்கு ஒரு பாதை கேட்டு மனுவுக்கு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார் மனுஷன். அத்தனையும் நான் அடித்ததுதான். என் அப்பா வயசுக்காரர், என்னை சார் என்பார். நான் அவரை அடைக்கலம் என்பேன். அது அப்போது எனக்கு உறுத்தவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கடைசி மனு போன சில நாளில் கிணற்று மோட்டார் களவு என்று அவரைப் பிடித்துப் போயிருந்தார்கள். அதுவரை எனக்குத் தெரியும். மீதி அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நான் கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாளின்படி, வீட்டுக்குப் பின்னால் வைக்கோல்போரிலிருந்து அவர் போலீஸிடம் மோட்டாரை எடுத்துக் கொடுத்ததை நேரில் பார்த்த சாட்சி நான்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. "எங்க வீட்டுக்கு வந்தீங்களாமே சார். ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டீங்களே" என்றார்.

நான் அந்தத் தெருவில் கால் வைத்ததே இல்லை. வைத்திருந்தாலும் தண்ணீர் குடித்திருப்பேனா என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சம்மன் வந்தது. பின்னாலேயே ஏட்டும் வந்தார். மிரட்டவில்லை, தோளில் கை வைத்தார். "பாத்தேன்னு சொல்லுங்க, அம்புட்டுதான். நாளைக்கும் நீங்களும் நானும் இங்கிட்டுதானே தம்பி இருக்கப் போறோம்."

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நூலகத்துப் புத்தகங்களில் நீதிக்காக உயிரை விட்டவர்களைப் பற்றி ஏராளமாகப் படித்து அழுதிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு வந்ததாக யாரும் எழுதவில்லை.

கூண்டில் ஏறினேன். எதிரே அடைக்கலம், இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்தபடி. ஸ்டேஷனுக்குப் போகும் முன் அந்தக் கை நன்றாகத்தான் இருந்தது. பார்த்தேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன், சொல்லியும் விட்டேன். அப்புறம் அவருடைய வக்கீல் எழுந்து, அந்த வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று கேட்டார்.

ஏட்டைப் பார்த்தேன். அவரும் முழித்தார். தெரியாது என்றேன். தெருவுக்காவது போனதுண்டா என்றார் வக்கீல். இல்லை என்றேன். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை, வெள்ளைத்தாள் சமாச்சாரம் மொத்தமும் கொட்டிவிட்டது. உண்மை பேசினேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். பயத்தில் பொய் தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான். அடைக்கலத்துக்கு விடுதலை.

ஏட்டு என்னை ஒன்றும் செய்யவில்லை. தினமும் காலையில் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, டீ குடித்தபடி, டைப் அடிக்கும் என் விரல்களையே பார்ப்பார். பிறகு எழுந்து போவார். திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன்.

அப்படி ஒரு காலையில், அவர் பெஞ்சில் இருக்கும்போதே அடைக்கலம் வந்தார். கையில் மடித்த தாள். "சார், பாதைக்கு இன்னொரு மனு போடணும்."

மிஷினில் பாதி அடித்த தாள் நின்றுகொண்டிருந்தது. என் விரல்கள் இன்னும் அதன் மேல்தான் இருந்தன.

"மிஷின் ரிப்பேருங்க" என்றேன்.

அவர் மிஷினைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "சரியானதும் சொல்லி விடுங்க சார்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்கு வந்துவிட்டேன். இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். ஸ்டேஷன் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. டீக்கடைக்காரரும் இல்லை. இப்போதெல்லாம் வெள்ளைத்தாள் கிடையாது, வீடியோ எடுக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். சொல்கிறார்கள். பாதை வந்துவிட்டது, யாரோ எங்கேயோ அடித்துக் கொடுத்த மனுவில். சிமெண்ட் ரோடு, ஓரத்தில் விளக்குகூட உண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அடைக்கலத்தை அதன் வழியாகத்தான் கொண்டு போனார்கள். கேள்விப்பட்டேன், போகவில்லை.

மிஷின் சரியாகிவிட்டது என்று அவருக்கு நான் கடைசி வரை சொல்லி அனுப்பவே இல்லை.